இருநூற்றைம்பது கேலன்

1

இந்தக் கதை ஒரு சவ அடக்கத்தில் பிறந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். அப்படித்தான் முதலில் எழுதியும் வைத்தேன். ஆனால் உண்மையில் இது பிறந்தது ஒரு எரிவாயு அலுவலகத்தில், ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றேகால் மணிக்கு. நான் ஒரு காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, ஆறிப்போன பீன்ஸைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். எந்த லாரி எந்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையைப் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். பக்கத்து மேசை கிளோடெட்டுடையது. மின்சாரம் போனால் தானாக ஓடும் ஜெனரேட்டரை யாராவது வீட்டில் வைத்தால், அதற்கு எத்தனை பெரிய புரொப்பேன் தொட்டி வேண்டும் என்று போய்ப் பார்த்து அளந்து சொல்பவள் அவள்தான். ஐம்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அதையே தேடுவாள்.

கதை அவளுடையது. நான் ஓரத்தில் இருப்பேன். (அப்படித்தான் நினைத்துத் தொடங்கினேன்.)

ஒரு குறிப்பு: தலைப்பிலுள்ள, நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான கொள்ளளவைச் சிலர் 'காலன்' என்று எழுதுகிறார்கள். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். திருப்பிப் படித்தபோது, இருநூற்றைம்பது காலன்கள் வரிசையாக வந்து முற்றத்தில் நின்றார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறான். ஆகவே 'கேலன்'.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அன்று விடியும்போதே பனிமழை—"

வேண்டாம். மழையில் தொடங்கினால் மழையே குற்றவாளி ஆகிவிடும். மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

"கிளோடெட் போட்ட கணக்கு தப்பியதாக அந்த வட்டாரத்தில் யாரும்—"

இதுவும் வேண்டாம். இப்படி ஒரு வரியைப் படித்ததுமே, அடுத்த பக்கத்தில் கணக்கு தப்பப்போகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"வின்னி ஹாஸ்கெலின் மூச்சு, சுவரில் செருகியிருந்த ஒயரை நம்பி இருந்தது."

இது இருக்கட்டும்.

3

வின்னி ஹாஸ்கெலின் மூச்சு, சுவரில் செருகியிருந்த ஒயரை நம்பி இருந்தது. நுரையீரல் கெட்டு நாலு வருஷம். படுக்கைக்குப் பக்கத்தில் சின்ன அலமாரி உயரத்தில் ஆக்ஸிஜன் எந்திரம் ஒன்று இரவும் பகலும் முனகும். அதிலிருந்து குழாய் மூக்குக்கு. மின்சாரம் போனால் உதவிக்கு இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் வரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதனால்தான் அவர் கணவர் ஓரின், மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பதினாலு கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

கிளோடெட் போனது செப்டம்பரில். வீட்டைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம் முழுக்கப் பாறை, தோண்டவும் முடியாது, தொட்டியை நிறுத்தவும் முடியாது. வடக்கே லாரியின் குழாய் எட்டாது. தொட்டி வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. மிஞ்சியது கிழக்குப் பக்கம் ஒன்றுதான், வின்னியின் ஜன்னலுக்கு நேர் எதிரே. அந்த ஜன்னல் வழியாக ஓர் ஓடை தெரியும். வின்னி படுக்கையிலிருந்து பார்ப்பதற்கு இருந்த ஒரே விஷயம் அதுதான்.

ஐந்நூறு கேலன் தொட்டி என்றால் பத்தடி நீளம், ஓர் ஆள் மார்பு உயரம். ஓடை மறைந்துபோகும். இருநூற்றைம்பது என்றால் ஜன்னல் விளிம்புக்குக் கீழே அடங்கிவிடும்.

"ஏம்மா, என் கண்ணு முன்னாடி அந்த வெள்ளைப் பன்னியைப் படுக்கப் போடணுமா?" என்றார் வின்னி. எங்கள் பக்கம் தொட்டிக்கு அதுதான் பெயர்.

ஓரின் வாசலில் நின்றபடி, "பெருசாவே போடு கிளோடெட். ஓடையைப் பாத்து யாரும் மூச்சு விடறதில்ல," என்றார்.

"நாப்பத்தெட்டு வருஷமா உன் மூஞ்சியைப் பாத்தாச்சு. மிச்ச நாளைக்கு ஓடையைப் பாத்துட்டுப் போறேனே."

(இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லவேண்டும். வின்னியை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அவர் ஒன்றும் வேடிக்கையாகப் பேசவில்லை. ஒரு தடவை, லாரிக்காரன் வாசல் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனான் என்று என்னைத் திட்டினார். இந்த வசனம் கிளோடெட் சொன்னது. அவள் சொன்னபோது இன்னும் சுருக்கமாக இருந்தது. செத்தவர்களுக்குக் கதையில் நாக்கு நீண்டுவிடுகிறது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை.)

கிளோடெட் சமையலறை மேசையில் உட்கார்ந்து மஞ்சள் தாளில் கணக்குப் போட்டாள். ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடினால் மணிக்கு ஒன்றரை கேலன் குடிக்கும். தொட்டியில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. ஆக இருநூற்றைம்பதில் இருநூறு. நூற்று முப்பத்துமூன்று மணி நேரம். ஐந்தரை நாள். அந்தச் சாலையில் கடந்த இருபது வருஷத்தில் மின்சாரம் தொடர்ந்து போனது அதிகபட்சம் நாலு நாள். நடுவில் லாரி வந்து நிரப்பவும் செய்யும்.

"இருநூத்தம்பதே போதும்," என்றாள். வின்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எலும்பாக இருந்தது என்றும், அதைத் தொட்டபோது தன் முடிவு சரிதான் என்று பட்டதென்றும் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நல்ல மனசோடு எடுத்த முடிவு. கணக்கும் சரி. தாளின் இந்தப் பக்கம் வரைக்கும்.

4

தாளின் மறுபக்கத்தைப் பற்றி.

எங்கள் அலுவலகத்து அளவைத் தாளின் பின்புறம் இன்னோர் அட்டவணை உண்டு. எந்தக் குளிரில், எந்தத் தொட்டி, எவ்வளவு நிறைந்திருக்கும்போது, மணிக்கு எவ்வளவு ஆவி கொடுக்கும் என்பது. தொட்டிக்குள் இருப்பது திரவம். எஞ்சின் குடிப்பது ஆவி. திரவம் கொதித்து ஆவியாக வெளிக்காற்றிலிருந்து சூடு வேண்டும், அந்தச் சூடு தொட்டியின் தோல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பெரிய தொட்டிக்குத் தோல் அதிகம். சின்னதுக்குக் குறைவு. திரவம் இறங்க இறங்க நனைந்த தோல் இன்னும் குறையும். கடுங்குளிரில் பாதி காலியான சின்னத் தொட்டி, வயிற்றில் பால் இருந்தும் மடியில் சுரக்காத மாடு மாதிரி நிற்கும்.

(கடைசி உவமை சரியில்லை. பால் வயிற்றில் இருக்காது. ஆனால் வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது.)

கிளோடெட் அன்று தாளைத் திருப்பவில்லை. இது ஊகம் இல்லை. அந்த வீட்டுக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்துக் கட்டங்கள் காலியாக இருந்தன. ஊரில் யாருமே அதை நிரப்புவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்னும் பதினேழு கோப்புகளைப் பார்த்தேன். எல்லாம் காலி.

5

திங்கட்கிழமை மத்தியானம் பனிமழை தொடங்கியது. செவ்வாய் விடிவதற்குள் மரங்கள் சாலைகளின் குறுக்கே விழுந்துவிட்டன. கம்பிகள் தரையில் கிடந்தன. ஹாஸ்கெல் வீட்டில் ஜெனரேட்டர் பத்து நொடியில் தானாகக் கிளம்பியது. வின்னியின் எந்திரம் நிற்கவே இல்லை. ஓரின் எங்களைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் அபூர்வம்.

செவ்வாய் மாலை பக்கத்து வீட்டுப் பெல்கி குடும்பத்தின் புகைபோக்கி மேல் மரம் விழுந்தது; வீட்டில் கணப்பு மூட்ட வழியில்லை. கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். ஓரினே நடந்து போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தைகளை வெந்நீரில் குளிப்பாட்டச் சொன்னது வின்னி. அடுப்பும் மின்சார அடுப்பு, வெந்நீர்த் தொட்டியும் மின்சாரம். ஏழு பேருக்குச் சமையல், ஐந்து பேருக்குக் குளியல். பாதிச் சுமை என்று மஞ்சள் தாளில் எழுதியிருந்தது முக்காலாயிற்று.

புதன் இரவு வானம் வெளுத்துக் குளிர் இறங்கியது. வியாழன் காலை பூஜ்யத்துக்குக் கீழே பத்து. இது பாரன்ஹீட், உங்கள் கணக்கில் மைனஸ் இருபத்துமூன்று.

பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது.

கிளோடெட்டின் தொலைபேசி அடித்தபோது அவளுக்கு மூன்று நாள் தூக்கம் பாக்கி. ஓரின் சத்தம் போடவில்லை. ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது என்றும், இரண்டு தடவை முடுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் ஓடி மறுபடி நின்றுவிட்டது என்றும் சொன்னார். வின்னியை முதல் சிலிண்டருக்கு மாற்றியாயிற்று.

ஒவ்வொரு தொட்டியிலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது எங்கள் திரையில் தெரியும். கிளோடெட் பார்த்தாள். முப்பத்தெட்டு சதவீதம். கிட்டத்தட்ட நூறு கேலன்.

"தொட்டில கேஸ் நிறையவே இருக்கு, ஓரின். கோளாறு மெஷின்லதான். ஜெனரேட்டர்காரனைக் கூப்பிடுங்க."

"நிச்சயமா சொல்றியா?"

மூன்று வரைவுகளிலும் இதற்கு அடுத்த வரி, "நிச்சயமா" என்று அவள் சொன்னதுதான். நடுவில் இருந்த ஒன்றை மூன்று தடவையும் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை போடுகிறேன்.

அவள் தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வேலு, முப்பத்தெட்டு இருந்தா போதும்தானே? கேஸ் பிரச்சினையா இருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

வாயில் பீன்ஸ் இருந்தது. மறுகாதில் ஒரு லாரிக்காரன், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் நான் குன்னூரில் பிறந்தவன். டிசம்பர் மாதத்தில் சிலிண்டரில் கேஸ் இருக்கும், அடுப்பில் வராது. அண்டா வெந்நீரில் சிலிண்டரை நிறுத்தினால் மறுபடி நீலமாக எரியும். பத்து வயதில் அந்த வெந்நீரைத் தூக்கி ஊற்றியது நான்தான். அந்த அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரிலும், அந்தக் கேள்விக்குப் பதில் கையோடு தெரிந்தவன் நான் ஒருவன்.

"நிச்சயமா," என்றாள் கிளோடெட் தொலைபேசியில்.

6

சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: அடுப்பை அணையுங்கள். வெந்நீர்த் தொட்டியை அணையுங்கள். அரை மணி நேரம் விட்டுவிட்டு முடுக்குங்கள். ஆக்ஸிஜன் எந்திரத்தையும் அறைச் சூட்டையும் மட்டும் ஓட விடுங்கள். அந்தக் குளிரிலும் அந்தத் தொட்டி அந்தக் கொஞ்சத்துக்கு மூச்சு கொடுத்திருக்கும்.

எழுதினால் நாலு வரி.

7

ஜெனரேட்டர்காரனுக்கு முன்னால் முப்பத்தோரு வீடுகள் இருந்தன. ஆம்புலன்ஸ் பெரிய சாலை வரைக்கும்தான் வரமுடியும் என்றார்கள். மூன்றரை மணிக்கு, இரண்டாவது சிலிண்டர் பாதி தீர்ந்தபோது, ஓரினும் பெல்கியும் வின்னியைப் போர்வைகளில் சுற்றி, பனிவண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த விறகுச் சறுக்குப் பலகையில் படுக்க வைத்தார்கள். இரண்டு மைல். வழியில் மூன்று இடத்தில் மரங்களைச் சுற்றிக் காட்டுக்குள் இறங்கி ஏறவேண்டியிருந்தது. ஓரின் பலகையில் மனைவிக்குப் பக்கத்தில் குந்தியபடி, தன் கோட்டால் அவர் முகத்தை மூடிக்கொண்டு வந்தார் என்று பெல்கி பிற்பாடு சொன்னான். குளிர் காற்று நேராக நுரையீரலுக்குப் போகக்கூடாது என்று.

உயிரோடுதான் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் இறந்தார். அந்தப் பயணம் இல்லாவிட்டாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். 'லாம்' என்ற அந்த விகுதியை நான் பலநாள் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெனரேட்டர்காரன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். கையுறையைக் கழற்றியபடி, போகிறபோக்கில் சொன்னான்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல. வீட்ல ஆளே இல்ல, அடுப்பு, வெந்நீர் எதுவும் ஓடல, நான் போய் பட்டனை அமுக்கினதும் ஓடுது. இந்தக் குளிருக்கு அந்தத் தொட்டி பத்தல. பெருசா போட்டிருக்கணும்."

கிளோடெட் எழுந்து கோப்பு அலமாரிக்குப் போனாள். மஞ்சள் தாளை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, நின்றபடியே அட்டவணையைப் படித்தாள். விரலை ஒரு வரியில் வைத்து ஓட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். ஐந்நூறு கேலன் தொட்டி, நாற்பது சதவீதம், கீழே பத்து: ஓடியிருக்கும். இருநூற்றைம்பது: ஓடாது. பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. உட்கார்ந்து அடுத்த தொலைபேசியை எடுத்தாள்.

அன்று அவள் மனதில் என்ன ஓடியது என்று எழுதுவதுதான் கதாசிரியரின் வேலை. இரண்டு பக்கம் எழுதினேன். அத்தனையும் என் மனதில் ஓடியவை. கிழித்துப் போட்டேன்.

8

ஏப்ரலில் ஓரின் கூப்பிட்டார். தொட்டியை மாற்றவேண்டும், ஐந்நூறு கேலன் போடவேண்டும் என்றார்.

கிளோடெட் என்னைக் கூட வரச் சொன்னாள். சாலை முழுக்கச் சேறு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "நீ உள்ள வரியா?" என்றாள். பூட்ஸெல்லாம் சேறாக இருக்கிறது என்றேன். அவளுடையதும்தான் சேறாக இருந்தது. அவள் இறங்கிப் போனாள். நான் நாற்பது நிமிஷம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் அவள் சொன்ன கொஞ்சத்திலிருந்து எழுதுகிறேன்.

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தாளைத் திருப்பாதது, முப்பத்தெட்டைப் பார்த்து ஏமாந்தது, அடுப்பை அணையுங்கள் என்று சொல்லாமல் விட்டது. ஓரின் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர்காரன் தன்னிடமும் அதைச் சொல்லிவிட்டான் என்றார். பிறகு, காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். இரண்டு பேரும் குடித்தார்கள்.

"திட்டலையா?" என்று கேட்டேன்.

"திட்டியிருந்தா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்."

இனி தனியாக இருக்கும் மனுஷனுக்கு எதற்கு ஐந்நூறு கேலன் என்று அவள் கேட்டாளாம். "எனக்கு எதுக்கு? பெல்கி வீட்டுப் புள்ளைங்க அடுத்த தடவையும் வரும். குளிக்க வேணாமா?" என்றாராம்.

ஊர் எல்லைப் பலகை தாண்டும்போது அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல, வேலு. கேட்டது நான். வாய் தொறந்து சொன்னதும் நான்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லவில்லை. அதுவரைக்கும் எனக்கே நிம்மதி.

9

முடிவுகள்.

(அ) கிளோடெட் வேலையை விட்டுவிடுகிறாள். இது நடக்கவில்லை. அவள் இப்போது பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தைக் கணக்குப் போட்டு, தொட்டி பற்றாத வீடுகளை நேரில் போய்ப் பார்க்கிறாள். இதுவரை ஒன்பது வீடு. 'தப்புச் செய்தவள் திருத்துகிறாள்' என்று இதை வைத்தே கதையை முடித்துவிடலாம். அப்படி முடித்தால் பக்கத்து மேசைக்காரன் நல்ல பேரோடு வெளியே போய்விடுவான்.

(ஆ) ஓரின் அலுவலகத்துக்கு வருகிறார். வேலு எல்லாவற்றையும் சொல்கிறான். கிழவர் அவன் தோளைத் தட்டுகிறார். எழுதும்போதே கூசியது. அந்தக் கைக்கு என் தோளைத் தட்டுகிற கடமையை நான் எப்படிக் கொடுப்பேன்?

(இ) வேலு சொல்கிறான். ஓரின் எழுந்து போகிறார். தொட்டியே வேண்டாம் என்கிறார். அடுத்த குளிர்காலத்தில் அந்தச் சாலையில்—

இல்லை. என் மனசு லேசாகவேண்டும் என்பதற்காக ஐந்து பேரைக் குளிரில் நிறுத்தமுடியாது. (இது உண்மையான காரணமா, நான் கண்டுபிடித்த இன்னொரு சாக்கா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.)

(ஈ) வேலு சொல்லவில்லை. கதையாக எழுதுகிறான், அந்த ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு மொழியில்.

நாலாவதுதான் நீங்கள் கையில் வைத்திருப்பது. கோழைக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

10

நாளை செவ்வாய்க்கிழமை. புதுத் தொட்டி இறங்கும் தேதியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட ஓரின் பத்து மணிக்கு வருகிறார். லாரி அனுப்புவது நான் என்பதால் அந்தத் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. கிளோடெட் ஒரு வீட்டை அளக்கப் போகிறாள்; மத்தியானம் வரை வரமாட்டாள். அலுவலகத்தில் நானும் அவரும் மட்டும்தான்.

அவர் வருவார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொள்வார். கண்ணாடி போடாமல் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். "எங்க போடணும்?" என்று கேட்பார். நான் எழுந்து குனிந்து, விரலை வைத்து இடத்தைக் காட்டுவேன்.

இதுவரை எழுதிவிட்டேன். அவர் பேனாவை எடுப்பதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் நடுவே ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்துக்கான வாக்கியத்தைச் சாயங்காலத்திலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். "ஓரின், அன்னிக்கு அவ என்கிட்டதான்—" என்று தொடங்கி, அதற்கு மேல் கை போகவில்லை.

என் நாற்காலியை உங்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போடுகிறேன். உட்காருங்கள். அவர் எதிரே இருக்கிறார்.